ஐந்தாவது டம்ளர்

தங்கபுஷ்பம் என்ற பேர் வரைக்கும் உலகம்மாளின் கை நன்றாகத்தான் ஓடிவந்தது, அந்தப் பேரைத் தாண்டியதும் நின்றுகொண்டது. பேனாவில் மை இருக்கிறது, முனையில் கோளாறு ஒன்றுமில்லை, தாளிலும் எண்ணெய்ப் பிசுக்கு இல்லை, கைதான் நகரமாட்டேன் என்கிறது. இடது பக்கம் விரித்துக் கிடந்த கறுப்பு அட்டை மினிட் புக்கில் அவள் கையெழுத்திலேயே அந்த வாக்கியம் இருக்கிறது, ‘செவிலியர் தங்கபுஷ்பம் அவர்களைப் பணியிலிருந்து நீக்குவதென ஏகமனதாகத் தீர்மானிக்கப்பட்டது.’ மாசி மாதம் எழுதியது. இப்போது ஆனி. பார்த்து எழுத வேண்டியதுதானே, ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகூடப் பார்த்து எழுதிவிடும். வலது பக்கம், தங்கபுஷ்பம் போட்ட வழக்கில் லேபர் கோர்ட்டிலிருந்து வந்த கடிதம். மூடிய கூட்டத்தின் குறிப்பை உண்மை நகல் எடுத்து, வாக்கெடுப்பின் விவரத்தோடு, குறிப்பெழுதியவரே கையொப்பமிட்டுப் பதிவுத் தபாலில் நேரடியாக அனுப்ப வேண்டும், இன்றைய தேதிக்குள். காலையிலேயே தலைவர் திருமலைக்கொழுந்து போனில் சொல்லிவிட்டார். அவர் குரலை உயர்த்திப் பேசி யாரும் கேட்டதில்லை. “என்னம்மா உலகு, நகல் எழுதியாச்சா? விவரம் விவரம்னு கேட்டிருக்கான். ஏகமனதாகங்கிறதுதான் விவரம். அதுக்கு மேல என்ன வேணுமாம் அவனுக்கு? நாலு மணிக்கு வாரேன், ஒரு பார்வை பாத்துட்டு அனுப்பிருவோம்.” சரி சார் என்றாள். பதினோரு வருஷமாக இந்தக் கொன்றையடி ஆஸ்பத்திரியில் அவள் அதிகம் சொன்ன வார்த்தை அதுவாகத்தான் இருக்கும். தூக்கத்தில்கூட நீ சரி சார்னுதான் சொல்லுதே என்று மகள் கேலி செய்வாள். மணி இரண்டரை. அவர்களை என்று எழுதினாள். பணியிலிருந்து என்று எழுதினாள். நீக்குவதென. அவ்வளவுதான், திரும்பவும் நின்றுவிட்டது. அடுத்த வார்த்தைக்கு முன்னால் தாள் வெள்ளையாகக் கிடந்தது. வலது மணிக்கட்டின் உள்பக்கம், நரம்பு ஓடுகிற இடத்தில், வெதுவெதுப்பாக ஒரு சொட்டு விழுந்த மாதிரி இருந்தது. திருப்பிப் பார்த்தாள். ஒன்றுமில்லை. நாலு மாதமாக இப்படித்தான், ஒன்றும் இருக்காது.

மினிட் புக் இந்த அறையை விட்டு வெளியே போகக் கூடாது என்பது பெரியவர் காலத்துக் கட்டு. அதனால் கதவோரத்துச் சின்ன மேசையில், அவள் எப்போதும் குறிப்பெடுக்கிற இடத்தில், தனியாக உட்கார்ந்திருக்கிறாள். எதிரே பெரிய மேசை, அதைச் சுற்றி நிர்வாகக் குழுவின் ஐந்து பேருக்கு ஐந்து நாற்காலி. ஜன்னலுக்கு வெளியே சாரல். மலை இருந்த இடத்தில் மலையைக் காணோம், சாம்பல் நிறத்தில் ஏதோ மூச்சு விட்டுக்கொண்டிருந்தது. கொக்கி சரியாக மாட்டாத ஒரு ஜன்னல் கதவு காற்றுக்கு வந்து வந்து தட்டியது, யாரோ உள்ளே வரலாமா என்று கேட்கிற மாதிரி. ஐந்தாவது நாற்காலியைப் பார்க்கக் கூடாது என்று உட்காரும்போதே நினைத்துக்கொண்டாள், அப்படி நினைத்ததனால் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். இங்கே ஓட்டுப் போடுகிற முறையை வெளியாட்களிடம் சொன்னால் நம்ப மாட்டார்கள். பெரியவர் என்றால் இப்போதைய தலைவரின் அப்பா, ஆஸ்பத்திரியைக் கட்டினவர். தனக்கு எதிராக ஒரு கை உயர்வதைப் பார்த்துவிட்டால் மூன்று நாளைக்குச் சோறு இறங்காதாம் அவருக்கு. அதற்காக எதிர்க்கவே கூடாது என்று சொல்லுகிற ஆளும் இல்லை. ஒரு நாள் அவரே சொன்னாராம், “வே, வேண்டாம்னு நெனைக்கிறவன் காப்பியக் குடிச்சுட்டு டம்ளரக் கவுத்தி வச்சுட்டுப் போங்க. நான் பாக்கல. எண்ணுறவன் எண்ணிக்கிடட்டும்.” அன்றைக்குப் பிடித்த வழக்கம். காப்பி முடிந்ததும் தலைவர் முதலில் எழுந்து வராந்தாவுக்குப் போவார், பின்னாலேயே மற்றவர்கள் ஒவ்வொருவராக. அடுத்தவர் டம்ளர் மேல் கண்ணை ஓட்டுவது மரியாதைக் கேடு. எல்லோரும் போன பிறகு குறிப்பெழுதுகிறவர் மேசையைச் சுற்றி வந்து எண்ண வேண்டும், ஒரு சீட்டில் நிறைவேறியது என்றோ இல்லை என்றோ மட்டும் எழுதித் தலைவரிடம் நீட்ட வேண்டும். எத்தனைக்கு எத்தனை என்று அவரும் கேட்க மாட்டார். நிறைவேறியது என்றால் புத்தகத்தில் ஏகமனதாக. இல்லை என்றால் அப்படி ஒரு பேச்சே நடக்கவில்லை, ஒரு வரி கிடையாது. யார் கவிழ்த்தார், எத்தனை பேர் கவிழ்த்தார் என்பது எண்ணினவர் நெஞ்சுக்குள்ளேயே கிடந்து மட்க வேண்டியது. உலகம்மாள் நெஞ்சுக்குள் பதினோரு வருஷத்து டம்ளர்கள் கிடக்கின்றன. அவை எல்லாம் சும்மா கிடக்கின்றன. ஒன்று மட்டும் கிடக்க மாட்டேன் என்கிறது.

மாசி மாதத்துப் புதன்கிழமை. பிரசவ வார்டில் ஒரு பெண் இறந்து இருபது நாள் ஆகியிருந்தது. டியூட்டி டாக்டரைக் கூப்பிட்டேன், வரவில்லை என்று வார்டு ரிஜிஸ்தரில் தங்கபுஷ்பம் மூன்று இடத்தில் மணியோடு எழுதி வைத்திருந்தாள், காலை பதினொன்று பத்து, பதினொன்று நாற்பது, பன்னிரண்டேகால். அந்தப் பக்கத்தை வேறு மாதிரி எழுதித் தரச் சொன்னார்கள். “நடந்ததத்தானே சார் எழுதியிருக்கேன், நடக்காதத எப்படி எழுத?” என்றாளாம். பிறகு அவள்தான் கவனக்குறைவாக இருந்தாள் என்று நோட்டீஸ் ஆனது, நோட்டீஸ் தீர்மானம் ஆனது, காப்பி வந்தது. அன்றைக்குச் சமையல்கட்டு வடிவு லீவு. அவளுக்குப் பதிலாக வந்தவள் ஐந்து டம்ளரிலும் ஒரே மாதிரி சீனியைப் போட்டுக் கொண்டுவந்துவிட்டாள். ஆவுடையப்பன் சாருக்குச் சர்க்கரை வியாதி. ரயில்வேயில் ஸ்டேஷன் மாஸ்டராக இருந்து ரிட்டயர் ஆனவர், இந்த ஐவரில் ஒருவர். ஒரு வாய் வைத்தார், முகம் சுருங்கியது, கீழே வைத்துவிட்டார். யாரையும் ஒன்றும் சொல்லவில்லை, சொல்லுகிற ஆள் இல்லை. தலைவர் எழுந்து போனார், மற்றவர்கள் போனார்கள், உலகம்மாள் வழக்கம்போல நோட்டுக்குள் தலையைக் குனிந்திருந்தாள். கடைசியாக எழுந்தது ஆவுடையப்பன் சார்தான், முழங்கால் சொடக்கு விடுகிற சத்தம் கேட்டது, எவர்சில்வரோடு எவர்சில்வர் மெதுவாக உரசுகிற சத்தம் கேட்டது, செருப்புச் சத்தம் வராந்தாவுக்குப் போனது. எழுந்து எண்ணினாள். கவிழ்ந்திருந்தது ஒன்று, கவிழ்ந்திருந்தது இரண்டு. நிமிர்ந்திருந்தது ஒன்று, நிமிர்ந்திருந்தது இரண்டு. ஐந்தாவது டம்ளர் நிமிர்ந்துதான் இருந்தது, ஆனால் அதன் தலையில் டவரா கவிழ்ந்திருந்தது. டம்ளர் நிறையக் காப்பியை வைத்துக்கொண்டு டம்ளரை எப்படிக் கவிழ்ப்பார் மனுஷன், மேசை முழுக்கக் கொட்டிவிடாதா, கவிழ்க்க முடிந்ததைக் கவிழ்த்துவிட்டுப் போயிருக்கிறார். அது அவளுக்குப் பார்த்த கணத்திலேயே புரிந்தது. புரியவில்லை என்று பிறகு எத்தனையோ நாள் தனக்குத்தானே சொல்லிப் பார்த்தாள். ஈ விழாமல் மூடியிருக்கலாம், பழக்க தோஷமாக இருக்கலாம், வழக்கம் என்றால் டம்ளர்தானே, டவராவுக்கு ஏது ஓட்டு. எல்லாம் சொல்லிப் பார்த்தாள். ஆனால் அன்றைக்கு அவள் கை செய்தது ஒன்று உண்டு. டவராவைத் தூக்கினாள். உள்பக்கம் ஆவி வேர்த்திருந்தது. ஒரு சொட்டு மணிக்கட்டில் விழுந்தது, வெதுவெதுப்பாக. தூக்கின டவராவை டம்ளருக்கு அடியில், வழக்கமாக இருக்க வேண்டிய இடத்தில், வைத்தாள். இப்போது மேசையில் இரண்டு கவிழ்ந்தது, மூன்று நிமிர்ந்தது. சீட்டில் நிறைவேறியது என்று எழுதினாள்.

ஏன் என்று கேட்டால் என்ன சொல்ல. கேட்க யாரும் இல்லை, அதுதான் கஷ்டம், கேட்டால் ஏதாவது சொல்லி முடித்துவிடலாம். ஜன்னல் தட்டியது. எழுந்து போய்க் கொக்கியை அழுத்திவிட்டு வந்தாள், உட்காருவதற்குள் திரும்பத் தட்டியது. டவராவைத் தூக்குகிற அந்த நொடியில் அவள் கண்ணில் பட்டது டவரா இல்லை, பச்சைத் துணித் திரை. அம்மா இதே ஆஸ்பத்திரியில் ஏழாம் நம்பர் கட்டிலில் கிடந்தபோது, மூச்சு ஒரு மாதிரி இழுக்க ஆரம்பித்ததும் தங்கபுஷ்பம்தான் ஓடிவந்து திரையை இழுத்தாள். “கூட இருக்கறவங்க வெளிய நில்லுங்க.” நான் ஆபீஸ் உலகம்மாள் என்று இவள் சொன்னாள், ஆபீஸா இருந்தாலும் வெளிய நில்லுங்கக்கா என்றாள் அவள். திரைக்கு அடியில் இருந்த இடைவெளியில் தங்கபுஷ்பத்தின் வெள்ளைச் செருப்பு அங்கும் இங்கும் ஓடுவதைப் பார்த்துக்கொண்டு நின்றாள், செருப்பு ஓடுகிற வரைக்கும் அம்மா இருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டு நின்றாள், பிறகு செருப்பு ஒரே இடத்தில் நின்றுவிட்டது. அம்மாவின் கையைப் பிடிக்கும்போது சூடு இருந்தது, ஆள் இல்லை. தங்கபுஷ்பம் அவளுடைய வேலையைத்தான் செய்தாள், அது இவளுக்கும் தெரியும், தெரிந்தே இரண்டு வருஷம் கான்டீனில் அவள் வந்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். தெரிகிறது ஒரு பக்கம், கை ஒரு பக்கம். வெளிய நில்லுங்க. அந்த டவராவை அடியில் வைத்தபோது மனசுக்குள் யார் அதைச் சொன்னது? நீ வெளிய நில்லு. இல்லை, அப்படி எல்லாம் நினைக்கவில்லை. நினைத்தாள். ஒரு நொடிதான். ஒரு நொடிக்கு ஒரு மனுஷியின் இருபத்திரண்டு வருஷச் சர்வீஸ் என்று போட்டால் என்ன கணக்கு அது.

கதவைத் தள்ளிக்கொண்டு வடிவு வாளியும் துணியுமாக வந்தாள், ஜன்னலோரம் ஒழுகுகிறது என்று யாரோ சொன்னார்களாம். “என்னக்கா, பேனாவ வாயில வச்சுக்கிட்டு? பரிச்சையா எழுதுதீய?” என்றாள். குந்தி உட்கார்ந்து துடைத்துக்கொண்டே பேசினாள், பேசாமல் அவளுக்குத் தரை துடைக்க வராது. பஸ் ஸ்டாண்டுப் பக்கம் மருந்துக் கடையில் தங்கபுஷ்பம் சிஸ்டர் நிற்கிறார்களாம். “தலைவலி மாத்திரை எடுத்துக் கொடுக்காவ, அம்புட்டுத்தான் வேலை. எத்தன பிரசவம் பாத்த கை. என்னையப் பாத்ததும் மொதக் கேள்வி என்ன தெரியுமா? உலகக்கா நல்லா இருக்காவளான்னாவ.” உலகம்மாள் தலையைத் தூக்கவில்லை. “நீ என்ன சொன்ன?” “நல்லா இருக்காவ, கொஞ்சம் மெலிஞ்சுட்டாவன்னேன். சாப்பிடச் சொல்லு வடிவுன்னாவ.” துணியைப் பிழிந்தாள். எழுந்து நின்று ஐந்தாவது நாற்காலியின் முதுகைத் துடைத்தாள், அதில் தூசு எதுவும் இல்லை. “ஆவுடையப்பன் சாரும் போயிட்டாவ. அவ்வோ காப்பியில சீனியப் போட்டது நான்தான்னு இன்னைக்கும் கான்டீன்ல சொல்லுதாளுவக்கா. அன்னைக்கு எங்க மதினிக்கு வளைகாப்பு, நான் இல்லவே இல்ல. நீங்கதான் இங்க இருந்தீய, நீங்க ஒரு வார்த்த சொல்லுங்க.” சொல்லுகிறேன் என்றாள் உலகம்மாள். “சொல்லுதேன் சொல்லுதேன்னு நாலு மாசமாச் சொல்லுதீய” என்று சிரித்துவிட்டு வாளியைத் தூக்கிக்கொண்டு போனாள் வடிவு. ஈரத் தரையில் ஐந்தாவது நாற்காலியின் கால்கள் தலைகீழாகத் தெரிந்தன.

அவர் கேட்டார். யாரும் கேட்கவில்லை என்று எப்படிச் சொல்லலாம், அவர் கேட்டாரே. கூட்டம் முடிந்து ஒரு வாரம் கழித்து, சர்க்கரை பார்க்க ரத்தம் கொடுத்துவிட்டு, முழங்கையில் பஞ்சை அழுத்திக்கொண்டே ஆபீஸ் வாசலில் வந்து நின்றார் ஆவுடையப்பன் சார். உள்ளேகூட வரவில்லை. “ஏம்மா, அன்னைக்குக் கவுத்த முடியலம்மா, காப்பி அப்படியே இருந்துச்சு. டவராவத்தான் கவுத்துனேன். நீ பாத்தியா?” பாத்தேன் சார் என்றாள். அதில் பொய் எங்கே இருக்கிறது, பார்த்தாள்தானே. அவருக்கு முகம் தெளிந்துவிட்டது. “அப்பச் சரி. மத்த ஆளுக சரின்னுட்டாங்க போல, என்ன செய்ய. நம்ம சிக்னலப் போட்டாச்சு, வண்டி நிக்கலன்னா அது டிரைவர் பாடு.” பஞ்சை எடுத்துப் பார்த்து, ரத்தம் நின்றுவிட்டது என்று தலையாட்டிக்கொண்டு போனார். அப்போது ஓடிப் போய்ச் சொல்லியிருக்கலாம். வராந்தா முடிகிற வரைக்கும் நேரம் இருந்தது, முழங்கால் வலிக்காரர், மெதுவாகத்தான் நடந்தார், ஒவ்வொரு தூணாகத் தாண்டினார், இந்தத் தூண் தாண்டட்டும் சொல்லிவிடலாம் என்று ஏழு தூண் வரைக்கும் நினைத்தாள். சித்திரையில் தூக்கத்திலேயே போய்விட்டார். அடுத்த கூட்டத்தில் குறிப்பை வாசித்தபோது நாலு பேர் கையெழுத்துப் போட்டார்கள். அவர் பேருக்கு நேரே காலியாகக் கிடக்கிறது, இதோ, இந்தப் பக்கத்தில், அவள் விரலுக்குக் கீழே. செத்தவரை ஏமாற்றுவது இவ்வளவு லேசாக இருக்கக் கூடாது. தன் ஓட்டு எண்ணப்பட்டது, தான் தோற்றுப் போனோம் என்று நம்பிக்கொண்டே போய்விட்டார். அவர் தோற்கவே இல்லை. ஜன்னல் தட்டியது. பாத்தியா. திரும்பத் தட்டியது. நீ பாத்தியா. பார்த்தேன் சார், பார்த்தேன், பார்த்தேன் என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டாள் போல, தன் குரல் காதில் விழுந்து திடுக்கிட்டாள்.

சொல்லிவிட்டால் என்ன ஆகும் என்பது தெரியாத விஷயமும் இல்லை. அவளுக்கு முன்னால் குறிப்பெழுதிய கோமதிநாயகம் சார் ஒரு கூட்டத்தில், “இது யாரு டம்ளர் சார்?” என்று ஒரே ஒரு தடவை வராந்தாவில் வந்து கேட்டார். மறு வாரம் துணிக் கிடங்குக்கு மாற்றிவிட்டார்கள், ரிட்டயர் ஆகிற வரைக்கும் போர்வை எண்ணிக்கொண்டிருந்தார். இவள் விஷயம் போர்வையோடு நிற்காது. அவள் குடியிருப்பது ஆஸ்பத்திரி குவார்ட்டர்ஸ், மகள் படிப்பு இன்னும் ஒரு வருஷம் பாக்கி, புருஷன் என்று சொல்லிக்கொள்ள ஒரு போட்டோ இருக்கிறது. ‘ஏகமனதாக’, ஆறு எழுத்து, எழுதிவிட்டுக் கையெழுத்துப் போட்டால் நாலரைக்கு வீட்டில் இருக்கலாம். நகல் என்றால் உள்ளதை உள்ளபடி எழுதுவது, புத்தகத்தில் ஏகமனதாக என்று இருந்தால் நகலிலும் ஏகமனதாகத்தான், அதில் என்ன பாவம். அந்த யோசனை வந்ததும் நெஞ்சு கொஞ்சம் இளகியது, பேனாவும் ஓடியது. ஏகமனதாகத் தீர்மானிக்கப்பட்டது. முற்றுப்புள்ளி வைத்தாள். கீழே உண்மை நகல் என்று எழுதினாள். முடிந்துவிட்டது. இவ்வளவுதான், இதற்கா இத்தனை பாடு. கோர்ட் கடிதத்தை மடித்து வைக்கப் போனபோது அந்த வரி திரும்பக் கண்ணில் பட்டது, வாக்கெடுப்பின் விவரத்தோடு. அது புத்தகத்தில் இல்லை. புத்தகத்தில் இல்லாததைப் பார்த்து எழுத முடியாது. இந்த உலகத்தில் அது இரண்டு இடத்தில்தான் இருக்கிறது, ஒன்று அவள் மணிக்கட்டில்.

இன்னொன்று மினிட் புக்கின் பின் அட்டைக்குள். பைண்டிங் துணி ஒட்டு விட்டிருந்த இடத்தில் விரலை விட்டு இழுத்தாள், நாலாக மடித்த தாள் வந்தது. எண்ணும்போது அவள் நோட்டில் எப்போதும் வட்டம் போடுவாள், நிமிர்ந்த டம்ளருக்கு வெறும் வட்டம், கவிழ்ந்ததற்கு உள்ளே மை தீட்டிய வட்டம். குறிப்பு உறுதியானதும் அந்தத் தாளைக் கிழித்துப் போட வேண்டும் என்பது முறை. பதினோரு வருஷத்தில் கிழிக்காதது இது ஒன்றுதான். இரண்டு கறுப்பு, இரண்டு வெள்ளை, ஐந்தாவது வெள்ளைதான், ஆனால் அதன் தலைக்கு மேல் ஒரு கோடு. டவராவைத் தூக்குவதற்கு முன்னால் போட்ட கோடு. கை ஒன்று திருடுவதற்கு முன்னால் இன்னொரு கை அதை எழுதி வைத்திருக்கிறது, இரண்டும் அவள் கைதான். கோட்டின் ஓரத்தில் மை கலைந்து நீலமாகப் படர்ந்திருந்தது, அந்தச் சொட்டு வழிந்து விழுந்த இடமாக இருக்க வேண்டும். மணி மூன்றரை. காற்று நின்றதா, இல்லை அவளுக்குத்தான் கேட்கவில்லையா, ஜன்னல் தட்டவில்லை. அறையில் யாரோ மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருக்கிற மாதிரி இருந்தது. அவள் வேறொரு தாளை எடுத்தாள். வாக்கெடுப்பின் விவரம் என்று தலைப்பு எழுதி அடிக்கோடு போட்டாள். இந்தக் குழுவில் எதிர்ப்பவர் டம்ளரைக் கவிழ்த்து வைப்பது வழக்கம் என்று எழுதினாள். ஐந்து டம்ளர். இரண்டு கவிழ்ந்திருந்தன. இரண்டு நிமிர்ந்திருந்தன. ஐந்தாவதில் காப்பி நிறைய இருந்ததால் திரு. ஆவுடையப்பன் டவராவை அதன் மேல் கவிழ்த்து வைத்தார், எதிர்ப்பு என்றுதான் வைத்தார், பிறகு என்னிடம் நேரில் சொன்னார். எண்ணியது நான். டவராவை எடுத்து அடியில் வைத்தது நான். தீர்மானம் நிறைவேறவில்லை. இதை எழுதும்போது கை எங்கேயும் நிற்கவில்லை, அது அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது. பச்சைத் திரையைப் பற்றியும் எழுதலாமா என்று ஒரு நிமிஷம் யோசித்தாள். அது கோர்ட்டுக்குச் சொல்லுகிற விஷயம் இல்லை, மருந்துக் கடைக்குப் போய்ச் சொல்லுகிற விஷயம். இரண்டு தாளிலும் கையெழுத்துப் போட்டாள், நகலோடு வட்டம் போட்ட தாளையும் சேர்த்துத் தைத்து உறையில் போட்டு ஒட்டினாள், குடையை எடுத்துக்கொண்டு எதிரே இருந்த தபாலாபீசுக்கு நடந்தாள். சாரல் குடைக்குள்ளும் வந்தது. கவுண்டரில் இருந்தவர் உறையை எடை போட்டு, “கோர்ட்டுக்கா மேடம்?” என்றார், ஆமா என்றாள், முத்திரை இரண்டு தடவை விழுந்தது.

திரும்பி வந்தபோது சின்ன மேசையில் வடிவு வைத்துவிட்டுப் போன காப்பி இருந்தது. குடிக்கலாம் என்றுதான் டம்ளரைத் தூக்கினாள். உதட்டுக்குப் பக்கத்தில் ஆவி வந்ததும் கீழே வைத்தாள். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு டவராவை எடுத்து அதன் மேல் கவிழ்த்தாள். எவர்சில்வரோடு எவர்சில்வர் மெதுவாக உரசியது, அதே சத்தம். வராந்தாவில் செருப்புச் சத்தம் கேட்டது. தலைவர் வேட்டி நுனியைப் பிடித்துக்கொண்டு, முகத்தில் ஈரத்தோடு உள்ளே வந்தார். “என்ன சாரல் என்ன சாரல். எங்கம்மா நகல்?” “தபால்ல போயிட்டு சார்.” ரசீதை மேசை ஓரத்துக்கு நகர்த்தினாள். அவர் அதை எடுக்கவில்லை, கோபப்படவும் இல்லை, பார்த்துட்டு அனுப்பலாம்னு சொல்லியிருந்தேனே என்று மெதுவாகச் சொல்ல வாயெடுத்தவர் பாதியில் நிறுத்தினார். அவர் பார்வை டம்ளரில் நின்றது. டம்ளரைப் பார்த்தார், தலையில் கவிழ்ந்திருந்த டவராவைப் பார்த்தார், திரும்பி, ஐந்தாவது நாற்காலியை ஒரு தரம் பார்த்தார். அவரும் அன்றைக்கு வராந்தாவிலிருந்து ஜன்னல் வழியாகத் திரும்பிப் பார்த்திருப்பாரோ என்று அப்போதுதான், நாலு மாதத்தில் முதல் தடவையாக, அவளுக்குத் தோன்றியது. காற்று திரும்ப எழுந்து ஜன்னல் ஒரு முறை தட்டியது. “ஈ விழுந்துரும்னு மூடி வச்சிருக்கியாம்மா?” என்று கேட்டார், இன்னும் அதே மெல்லிய குரலில், கெஞ்சுகிற மாதிரிகூட இருந்தது. உலகம்மாள் எழுந்து நின்றாள்.

“இல்ல சார்” என்றாள்.